‘சரிங்க’ எடுத்த சூட் துணி

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்த்த சலவை நிலையத்தில் ‘சரிங்க’ என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடம் அங்கே இஸ்திரி போட்டார். இன்றைக்கு லீவு கிடையாது என்றால் சரிங்க. அடுத்தவன் போட்டுவிட்டுப் போன மூட்டையையும் நீயே முடி என்றால் சரிங்க. கல்யாணமான புதிதில், அடடா, தங்கமான மனுஷர் என்று நினைத்தேன். போகப் போகத்தான் புரிந்தது, எல்லாரும் ஏறி மிதிக்க இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று.

அந்த இஸ்திரிப் பெட்டி அவருடைய வலது மணிக்கட்டைத் தின்றுவிட்டது. தண்ணீர் டம்ளரைத் தூக்கினாலே கை நடுங்கும். “இன்னும் ஒரு வருஷம் பெட்டியைத் தூக்கினீங்கன்னா, அப்புறம் பொத்தான் போடக்கூட அடுத்தவங்களைத்தான் கூப்பிடணும்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய ஓட்டலில் சீருடை அறைக்குப் பொறுப்பாளர் தேவை என்று தெரிந்தது. துணியைச் சரிபார்த்து ஆட்களிடம் வேலை வாங்கினால் போதும், பெட்டியைத் தொட வேண்டியதில்லை. விண்ணப்பித்தார். மூன்று பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோட் சூட் போட்டுத்தான் வரவேண்டுமாம். ஆயிரக்கணக்கான கோட்டுகளைத் தேய்த்தவர், ஒன்றில்கூடக் கையை நுழைத்ததில்லை.

துணியும் விற்று, அளவெடுத்துத் தைத்தும் கொடுக்கிற ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த விற்பனையாள் இவரை ஏற இறங்கப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான், முழங்கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்தான். பிறகு மீன் செதில் மாதிரி மினுங்கும் ஒரு துணியை எடுத்து மேசையில் போட்டான்.

“உங்களுக்கு இது போதும்ணே. தூரத்துல இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன், எங்களை எல்லாரும் தூரத்துல நின்னுதான் பார்ப்பாங்களா?” என்று கேட்டேன்.

“சும்மா இரு” என்று இவர் என் கையைப் பிடித்தார். விற்பனையாள் வேண்டா வெறுப்பாக இன்னொரு சுருளை இறக்கி, “சுத்தக் கம்பளி. உங்க விலைக்கு வராது, சும்மா பார்த்துக்கோங்க” என்றான். இவர் விரலால் தொடவில்லை. சூடு பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. இடது மணிக்கட்டின் உள்பக்கத்தைத்தான் துணிமேல் வைத்துப் பார்ப்பார். வைத்தார், முகம் மாறியது. கடையின் தையல் மாஸ்டரிடம் ஓர் ஈரத்துணி கேட்டு, அந்தக் கம்பளியின் ஓரத்தில் போட்டு, மாஸ்டருடைய இஸ்திரிப் பெட்டியை எடுத்து அழுத்தினார். ஆவி வந்ததும் குனிந்து முகர்ந்தார்.

“கம்பளி நனைஞ்சா ஒரு வாசனை வரும் தம்பி. இதுல வரலையே. பாதிக்கு மேல கலப்பு.”

விற்பனையாளின் முகம் செத்துவிட்டது. மாஸ்டர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்தத் துணியைச் சுத்தக் கம்பளி என்று நம்பி எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்! நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன், இவர் விடவில்லை.

பிறகு அடித்தட்டில் கிடந்த வெட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக மணிக்கட்டால் தொட்டுக்கொண்டே போனார். ஒரு கரும்பச்சைத் துண்டில் கை நின்றது. பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி சிரித்தார்.

“இதை எனக்கு நல்லாத் தெரியும். எட்டு வருஷமா என் மேசைக்கு வருது. நூறு தடவை தேய்ச்சாலும் மத்த துணி மாதிரி அசிங்கமாப் பளபளப்பு ஏறாது. இதைவிட நல்ல துணி கிடையாது.”

மாஸ்டர் அளந்து பார்த்து, “மூணு மீட்டர் இருக்கு. உங்க உயரத்துக்கு கோட்டும் பேன்ட்டும் தாராளமா வரும்” என்றார். விலையும் கைக்கு அடக்கம். யாரோ பெரிய அதிகாரிகள் போடுகிற துணி என்று இவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

நேர்முகத்தன்று கோட்டுப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்தார். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மதியம் திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, “அந்த ஓட்டல்ல சர்வருங்க எல்லாரும் இதே துணியிலதான் கோட்டு போட்டிருக்காங்க” என்றார்.

எனக்குத் திக்கென்றது. சலவைக்கு வருவது மூட்டை. மூட்டையில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த இடத்திலிருந்து வருகிறது, யார் போடுகிறார்கள் என்று இந்த மனுஷன் எட்டு வருடத்தில் ஒருநாளாவது கேட்டிருக்கக் கூடாதா?

“உள்ள போனேன். பெரிய அதிகாரி தலையைத் தூக்காம, கோட்டுக் கையை மட்டும் பார்த்துட்டு, ‘இந்தக் கப்பையெல்லாம் எடுத்துட்டுப் போப்பா, அப்படியே அடுத்த ஆளை வரச் சொல்லு’ன்னார்.”

“ஐயோ! நீங்க சரிங்கன்னு எடுத்துட்டுப் போனீங்களா?”

“இல்ல. ‘கப்பை எடுக்க முடியாதுங்க. அடுத்த ஆள் வந்தாச்சுங்க’ன்னேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருடமாக ‘முடியாது என்று ஒரு தடவை சொல்லுங்கள்’ என்று தொண்டை கிழியக் கத்தினேன். சொல்வதற்கு இந்த நாளா கிடைத்தது!

“ரோஷமாக்கும்?” என்றேன்.

“ரோஷமெல்லாம் இல்ல. தட்டைத் தூக்கினா கை நடுங்கும். கப் விழுந்துச்சுன்னா வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன்.”

பக்கத்தில் இருந்த பெண் அதிகாரி, ஏன் இந்தத் துணியை எடுத்தீர்கள் என்று கேட்டாராம். துணிக்கடையில் சொன்னதையே அங்கும் சொல்லியிருக்கிறார். ‘யார் போடுற துணின்னு தெரியாதுங்க’ என்றும் சொன்னாராம்.

“உங்களுக்குத்தான் தெரியாது. தினமும் கண்ணு முன்னாடி நிக்கிறவங்க முகம் அந்தப் பெரிய ஆளுக்குத் தெரியுமான்னு கேட்க வேண்டியதுதானே!” என்றேன்.

“வேலை கேட்கப் போன இடத்துல சண்டையா போட முடியும்?” என்றார்.

ஒன்பது நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. பத்தாம் நாள் அந்தப் பெண் அதிகாரியின் கையெழுத்தோடு கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. அந்தப் பெரிய அதிகாரி திருந்தினாரா? எங்கே! போன வாரம் வராந்தாவில் போனில் பேசிக்கொண்டே, இவர் முகத்தைப் பார்க்காமல் காலிக் கப்பை நீட்டியிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறார் இந்த மகானுபாவர்.

“வாங்கினீங்களா?” என்றேன். என் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“வாங்கினேன். வலது கையாலதான் வாங்கினேன். கை நடுங்கவே இல்ல, தெரியுமா?”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகத் தானே கழற்றிக்கொண்டிருந்தார்.