நைனா போய் இறங்கிய பீச்

போன ஞாயிறு சாயங்காலம், பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மேடைக்குப் பின்னால், என் அம்மா ஒரு பெண்ணை வழிமறித்து நின்றிருந்தாள். அந்தப் பெண்ணின் காதில் ஹெட்செட். கழுத்தில் அடையாள அட்டை. ‘ஜோடிப் பாட்டு’ போட்டியை நடத்துகிறவர். என் வயதுதான் இருக்கும்.

“ஆன்ட்டி, உங்க பார்ட்னர் எங்கே?”

“வந்துகினே கீறாரு.”

“ரொம்ப நேரமா இதையேதான் சொல்றீங்க.”

உண்மைதான். அம்மா ரொம்ப நேரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்ட்னர் — அதாவது என் நைனா — எங்கே இருக்கிறார் என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன் அடிக்கிறது... அடித்துக்கொண்டே இருக்கிறது... எடுக்கத்தான் ஆளில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். அப்போதுதான் அம்மாவின் முகம் ஏன் அப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஒரு கோடைக்காலச் சபதம் உண்டு. ஏப்ரல் பிறந்துவிட்டால் ஒரு ஞாயிறைக்கூட ஃபேனுக்கு அடியில் கழிப்பதில்லை! மாம்பழக் கண்காட்சி, உணவுத் திருவிழா, மணலில் நாடகம், மொட்டை மாடியில் சினிமா — சென்னையில் எது நடந்தாலும் செங்கல்பட்டில் ரயிலேறிவிடுவேன். நாவலூர் ஐ.டி. கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் ஊட்டிக்குப் போவார்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியே ரூம் போட்டு, மலைப்பாதை டிராஃபிக்கில் மணிக்கணக்கில் நின்று, காருக்குள்ளேயே ஏசியைப் போட்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள். இதற்கு எதற்கு மலை ஏற வேண்டும்? அந்த ஏசி நாவலூரிலேயே இருக்கிறதே!

இந்த வருடம் அம்மாவையும் இழுக்கப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. கூட்டத்தை வேடிக்கை பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு, கடல் வேண்டுமென்றால் பக்கத்திலேயே மாபலிபுரம் கீதே என்றாள். சரி என்று விளம்பரத்தைக் காட்டினேன். ‘பீச் மேடையில் ஜோடிப் பாட்டு. கணவன் - மனைவி இருவரும் சேர்ந்து பாடலாம்.’ படித்தாள். என் கையிலிருந்து போனை வாங்கி இன்னொரு தடவை படித்தாள்.

“பேரு குடுத்துடு” என்றாள்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் பாடுவாள். எப்போதும் கடைசி வரிசை. குரல் அப்படி! ஸ்டெல்லா மைக் பக்கத்தில் நின்றால் மற்றவர்கள் பாடுவதே கேட்காது என்று கொயர் மாஸ்டர் அவளைத் தள்ளித் தள்ளியே நிறுத்துவார். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் ஏற்பாடு. ஆக, இத்தனை வருடம் பாடிய என் அம்மா ஒரு முறைகூட மைக் முன்னால் நின்றதில்லை.

நைனாவும் பாடுவார். அவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். அவருடைய மேடை எங்கள் வீட்டுச் சமையலறை. அம்மா தாளிக்கும்போது ஆண் குரல் வரிகளைப் பிடித்துக்கொள்வார். உருகிப் பாடுவார். ஆனால், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும்... கப்சிப். பாடியது யார் என்று போலீஸ் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டார்.

அப்படிப்பட்டவரை மேடையேற்ற அம்மா இரண்டு வாரம் போராடினாள். கெஞ்சவில்லை — எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு ராத்திரி சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டாள்:

“வூட்டுல பாடறே. வெளிய பாடுன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறே. பாடறதுக்கு வெக்கமா, இல்ல, எம்பக்கத்துல நிக்கறதுக்கு வெக்கமா? ஒண்ணைச் சொல்லிடு.”

நைனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வர்றேன்” என்றார். ஒரே வார்த்தைதான். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து சமையலறையில் குழம்பைவிட டூயட்தான் அதிகம் கொதித்தது. ஊரே முணுமுணுக்கிற ஒரு பழைய பாட்டு. அவருக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி, கடைசியில் இருவரும் சேர்ந்து.

ஞாயிறன்று நைனாவுக்கு முதல் ஷிஃப்ட். இஸ்திரி போட்ட சட்டையைத் தனியாகப் பையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார். அம்மா படியில் நின்று சொல்லி அனுப்பினாள்: “ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா பீச்சுக்கு வந்துரு. மேடையாண்ட நிப்போம்.”

தவறு நடந்த இடம் இதுதான். உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கு அப்போது தெரியவில்லை.

நாங்கள் மதியமே கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்து வந்துவிட்டோம். கடற்கரை முழுக்கக் கலர் கலராகத் தோரணம். குல்ஃபிக்கு ஒரு கூட்டம், குதிரைச் சவாரிக்கு ஒரு கூட்டம், இரண்டுக்கும் அழுகிற குழந்தைகள் ஒரு கூட்டம். மேடைக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அம்மா எதையும் பார்க்கவில்லை. மைக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு ஜோடியாக மேடையேற ஆரம்பித்தது. நைனாவைக் காணோம். ஹெட்செட் பெண் பட்டியலில் எங்கள் பெயரை ஒரு முறை பின்னுக்குத் தள்ளினார். இரண்டாவது முறையும் தள்ளினார். இனி தள்ள இடமில்லை. அடுத்த ஜோடிக்குப் பிறகு நீங்கள்தான், அவர் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம், இது ஜோடிப் போட்டி, தனியாகப் பாட விட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஓடிட்டாரும்மே உங்க நைனா” என்றாள், என்னைப் பார்க்காமல். “வர்றேன்னு சொல்றப்பவே எனக்குத் தெரியும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பிரச்சினையே இல்லை. சாதாரணமாகச் சொன்னாள்... அதுதான் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நைனா!

கம்பெனியில் போனைச் சைலன்டில் போட்டவர், அப்படியே விட்டுவிட்டாராம். ஸ்பீக்கரில் போட்டேன். மேடை எங்கே என்று கேட்டார். நானும் அதையேதான் கேட்டேன் — நீங்கள் எங்கே?

“பீச்சுலதான் கீறேன். எறங்கி ரொம்ப நேரமாச்சி. ஜனம் போற பக்கமாப் போனா மேடை வரும்னு போனேன். பர்மா பஜார்தான் வந்துச்சி.”

அவர் நின்றுகொண்டிருந்தது பீச் ஸ்டேஷனில்!

சிரிக்காதீர்கள். செங்கல்பட்டுக்காரர்களாகிய எங்களுக்குச் சென்னை ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் இந்த முனை நாங்கள். அந்த முனை பீச். ரயிலின் நெற்றியிலேயே எழுதியிருக்கும். ‘பீச் வண்டி போய்டுச்சா?’ என்று கேட்டபடிதான் நாங்கள் படியேறுவோம். அலையடிக்கிற நிஜக் கடலை நாங்கள் யாரும் பீச் என்று சொல்வதே இல்லை. அதற்குப் பெயர் மாபலிபுரம்! விளம்பரத்தையே இரண்டு வாரமாகப் படித்துப் படித்து அம்மா பட்டணத்துக்காரியாக மாறிவிட்டாள். பட்டணத்துக்காரர்கள் மாதிரியே ‘பீச்’ என்று சொல்லிவிட்டாள். நைனா மாறவில்லை. சொன்ன சொல் தவறாமல், கிண்டியையும் தாண்டி, நேராக பீச்சுக்குப் போய்விட்டார். அங்கே ஹார்பர் இருக்கிறது. மணல் ஒரு பிடிகூடக் கிடையாது.

அங்கிருந்து வேளச்சேரி வண்டி பிடித்து, திருவான்மியூரில் இறங்கி, ஆட்டோவில் வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரம். மேடையில் எங்களுக்கு முந்தைய ஜோடி கடைசிச் சரணத்தில் இருந்தது.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். நிகழ்ச்சிகளுக்குப் போவதில் நான் எக்ஸ்பர்ட். நிகழ்ச்சி கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதில் பூஜ்யம்.

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“யோவ், அங்கியே உக்காரு. எங்கியும் போவாதே. போன்லயே பாடு.”

“ஸ்டேஷன்லயா?” நைனாவின் குரல் இறங்கிவிட்டது. “சுத்தி ஜனம் கீது, ஸ்டெல்லா.”

“கீட்டும்.”

பிறகு ஹெட்செட் பெண்ணோடு ஒரு வாக்குவாதம். போனெல்லாம் கணக்கில் வராது என்றார் அவர். ஜோடியாகப் பாட வேண்டும் என்றுதானே போட்டிருக்கிறீர்கள், ஜோடி ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது என்றாள் அம்மா. நடுவர்கள் மார்க் போட மாட்டார்கள் என்றார் அவர். மார்க்கை நீயே வச்சிக்கோ, மைக்கை மட்டும் குடு என்றாள் அம்மா. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அவர் சிரித்துவிட்டார். “போங்க ஆன்ட்டி. ஒரே ஒரு பாட்டு.”

இரண்டு மைக். ஒன்றின் முன்னால் அம்மா. இன்னொன்றின் முன்னால், சவுண்ட்காரத் தம்பி பிடித்துக்கொண்டிருந்த என் போன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். அம்மா முதல் வரியை எடுத்தாள்...

சிரிப்பு பாதியில் நின்றது. கொயர் மாஸ்டர் பயந்ததில் தப்பே இல்லை! ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

அடுத்த வரி நைனாவுடையது. வரவில்லை. நான் நகத்தைக் கடித்தேன். போனில் குரல் போய்ச் சேர்ந்து திரும்பி வரச் சற்றுத் தாமதமாகும். கம்ப்யூட்டர் படித்தவளுக்கு அது தெரிய வேண்டாமா? தெரியும். ஆனால், அந்த நொடியில் அது தாமதமா, வெட்கமா என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அம்மா காத்திருந்தாள். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்துவிடுகிற என் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

வந்தது. கரகரவென்று, பின்னால் டீ விற்கிற சத்தத்தோடு, நைனாவின் குரல்.

பிறகு நின்று நின்று போனது அந்த டூயட். அவள் ஒரு வரி... காத்திருப்பு... அவர் ஒரு வரி. கூட்டமும் அந்தத் தாளத்துக்குப் பழகிவிட்டது. இரண்டாவது சரணத்தில், அவர் வரிக்கு நடுவே இன்னொரு குரல் நுழைந்தது:

‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு... வேளச்சேரி செல்லும் மின்சார ரயில்...’

நாற்காலிகள் அதிர்ந்தன. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஆனால், எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பு வரவில்லை. அது அவர் ஏற வேண்டிய வண்டி. ரயில் வந்து நிற்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. கிளம்பும் சத்தமும் கேட்டது. அதற்கு மேலே, இன்னும் கொஞ்சம் உரக்க, நைனா பாடிக்கொண்டிருந்தார்! செருப்புச் சத்தத்துக்கு நிறுத்துகிற மனிதர், ஒரு பிளாட்பாரம் நிறைய ஆட்களுக்கு நடுவில், வண்டியை விட்டுவிட்டுப் பாடினார்.

கடைசி வரியை இருவரும் சேர்ந்து பாட வேண்டும். சேரவில்லை. அவர் அரை வரி பின்னால் வந்தார். அம்மா முடித்துவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி, அவர் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரிசு? கிடைக்கவில்லை. ஆடிக்கொண்டே பாடிய அண்ணா நகர் ஜோடிக்குப் போனது. அவர்கள் நன்றாகவே பாடினார்கள், அம்மாவே சொன்னாள்.

இதில் எனக்குப் புரிந்தது இதுதான். கோடை விழா என்பது போய் உட்கார்ந்து பார்க்கிற சமாசாரம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். எத்தனை விழா பார்த்தோம் என்று பெருமையடித்துக்கொள்கிற ஆள் நான். அம்மா ஒரே ஒரு விழாவுக்கு வந்தாள். அதையும் விடாப்பிடியாகத் தனதாக்கிக்கொண்டாள். வெயிலைப் போல மனிதர்களுக்கும் பிடிவாதம் இருந்தால்தான் கோடை ருசிக்கும் போலிருக்கிறது.

நைனா வந்து சேர்ந்தபோது பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். கூட்டம் கலைந்து கையேந்தி பவன்கள் பக்கம் போய்விட்டது. இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஓடிட்டேன்னு நெனச்சேன்.”

“ஓடறவன் கடைசி ஸ்டேஷன் வரிக்குமா வருவான்?”

அம்மா மேடைப் பக்கம் திரும்பினாள். சவுண்ட்காரத் தம்பி மேடையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், ஒரே ஒரு மைக்கை மட்டும் கழற்ற வேண்டாம் என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சரி என்றார். அம்மா நைனாவின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினாள்.

நைனா காலி நாற்காலிகளைப் பார்த்தார். “ஜனமெல்லாம் பூட்ச்சே ஸ்டெல்லா.”

“நான் இன்னா ஜனத்தையா பக்கத்துல வந்து நிக்கச் சொன்னேன்? நீ பாடு.”

பாடினார்கள். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த சுண்டல்காரர் ஒருவர் நின்றார். தூக்கை மணலில் இறக்கி வைத்தார். முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

ஹவுஸ்ஃபுல்!