கரிநாக்கு

பிள்ளைகளே, ஈரக் கஞ்சியின் புளித்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அது ஏன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நேற்று உங்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து "செத்துப் போ" என்று சொன்னது என் காதில் விழுந்தது. யார் என்று எழுத மாட்டேன், திட்டவும் மாட்டேன். எனக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில், விடியற்காலையில் பட்டுப் பாவு, அதாவது சேலைக்கான நீள இழைகளை, தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஓர் ஐப்பசிக் காலையில் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாமாவின் பாவு தெருவில் நின்றபோது, நான் வானத்தைப் பார்த்து, "மழ வருது மாமா" என்றேன். மேகம் கறுத்திருந்தது, சொன்னேன், அவ்வளவுதான். அவர்கள் சுருட்டுவதற்குள் கொட்டித் தீர்த்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. மாமா என் தாடையைப் பிடித்து நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் மிளகளவு கறுப்பு மச்சம் இருந்தது.

"பாத்தீங்களா, கரிநாக்கு. இவன் சொன்னா அப்படியே பலிக்குது," என்றார்.

அன்று முதல் தெருவில் பாவு நீட்டினால் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். "வாய மூடிக்கினு கெட" என்பாள் அம்மா. ஆனால் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு என்னிடம் பயம். "எங்கள ஒண்ணும் சொல்லிடாதபா" என்று கமர்கட்டைக் கடித்துப் பாதி கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பெருமாள் சன்னதியில் கண்ணை மூடி நின்று, நான் சொல்வதெல்லாம் பலிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். பக்தியான பிள்ளை என்று அர்ச்சகர் எனக்கு மட்டும் துளசி கூடுதலாகக் கொடுப்பார்.

ஏகாம்பரம் மாமாவின் மகன் செல்வத்துக்கு நாலு வயது. அவன் என் புதுப் பம்பரத்தைக் கல்லில் போட்டு உடைத்தான். அவன் காதருகே குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "நீ செத்துப் போவ" என்றேன். மூன்றாம் நாள் அவனுக்கு அம்மை போட்டது. அவர்கள் வாசலில் வேப்பிலை செருகினார்கள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் தறிச்சத்தம் நின்றுபோய், குழந்தையின் முனகல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே போனால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். உள்ளே இருந்தால் அந்த முனகல். சுவரோரம் வாயை வைத்து "சாவ மாட்ட, சாவ மாட்ட" என்று சொல்லிப் பார்த்தேன். கோபத்தில் அத்தனை சுலபமாகச் சபித்த வாய், இதைச் சொல்லும்போது வெறும் காற்றாகத்தான் ஊதியது.

ஏழாம் நாள் செல்வத்தின் அம்மா கனகா அக்கா எங்கள் கொல்லைப்பக்கம் வந்தாள். அம்மை போட்ட வீட்டார் அடுத்தவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. அதனால் பொதுக் கிணற்றுக்கு அந்தப் பக்கமே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ சொன்னா பலிக்குதாமே. கொழந்த நல்லா இருப்பான்னு ஒரு வார்த்த சொல்லுபா."

வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "நான்தான்கா அவன செத்துப் போவன்னு சொன்னேன்."

"எப்போ?"

"பம்பரத்த ஒடச்சப்போ."

அடிப்பாள் என்று நின்றேன். "பம்பரத்துக்கா," என்று மெல்லக் கேட்டாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

செல்வம் பிழைத்தான். அவள் கிணற்றடியில் என்னோடு பேசியதைப் பார்த்திருந்த பெண்கள், என் வாக்குத்தான் காப்பாற்றியது என்று சொல்லி, வெல்லத்தோடு வந்து, "எம் பொண்ணுக்கும் ஒரு நல்ல வார்த்த சொல்லு கண்ணு" என்றார்கள். "நான் ஒண்ணும் சொல்லல" என்றால், "அடக்கத்தப் பாரு" என்று சிரித்தார்கள். உண்மை தெரிந்தவள் கனகா அக்கா ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் என்னைக் கடக்கும்போது மட்டும் செல்வத்தை மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொள்வாள். மறுவருஷம் அவர்கள் வாலாஜாபாத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பெரிய தத்துவம் தெரியாது. மச்சத்துக்கு ஒரு சக்தியும் இல்லை என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. ஆனாலும் அந்த வயதில் சாமி முன்னால் நின்றதெல்லாம் பக்திக் கணக்கில் சேரவில்லை. அடுத்தவனைச் சபிக்கும் வாயை வைத்துக்கொண்டு மனசுக்குள் எந்தப் பக்தியை வளர்த்திருக்க முடியும்?

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். கிணற்றை மூடி, மேலே மோட்டார் சைக்கிள்களை நிறுத்துகிறார்கள். ஏகாம்பரம் மாமா வீட்டாரை யாருக்கும் தெரியவில்லை.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் இருவர் பெயரையும் சத்தமாகச் சொல்லி, "நல்லா இரு" என்றேன். பிறகு செல்வத்தின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மீதியைச் சொன்னேன்.