வரைபடத்தில் இல்லாத பொட்டு

லோசான் நகருக்கு வெளியே ஒரு சிறிய விமானத்தளம். பல் மருத்துவர் ஒருவரின் பழைய விமானம் இன்று மாலை பறக்க வேண்டும். அது எந்தப் படையிலும் இருந்ததில்லை. ஆனாலும் இறக்கையில் படைச் சின்னம், வாலில் படைப்பிரிவு எண், வயிற்றில் தூரிகையால் வரைந்த குண்டுத் துளைகள். எல்லாவற்றுக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறது. சென்னையில் விமானப் பதிவு அலுவலகத்தில் ஓய்வுபெற்று, இங்கே விருந்தாளியாக வந்திருக்கும் நான் அதை வாங்கிப் படித்துவிட்டேன், குறையே இல்லை.

பறக்கும் முன் சரிபார்க்க வந்த ஆய்வாளர், கடிதத்தோடு இணைத்த சின்னங்களின் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்து விமானத்தின் மூக்கருகே நிற்கிறார். அங்கே சந்தனமும் குங்குமமும்.

"இது எந்தப் படையின்ர சின்னம் எண்டு கேக்கிறார், ஐயா," என்கிறார் வண்ணம் பூசிய யாழ்ப்பாணத்துச் சிவம், வியர்வையோடு. "புதுசாப் பூசிப் பறக்கவிடேக்க பொட்டு வைக்காமல் விடேலுமோ?"

"சின்னம்னா அனுமதி வேணும். அழுக்குன்னா வேண்டாம். அழுக்குன்னு சொல்லித் துடைச்சிடுங்க," என்கிறேன்.

"பிள்ளையாரை நினைச்சு வைச்ச பொட்டை அழுக்கெண்டோ? என்ர வாயால மாட்டன். நீங்களே சொல்லித் துடையுங்கோ. நாளைக்குச் சென்னைக்குப் பறக்கிறதும் நீங்கள்தானே?"

நான் ஆய்வாளரிடம் போய், வரைபடத்தைத் திருத்த எந்தப் படிவம் என்று கேட்கிறேன்.