எல்லாக் கேள்விக்கும் நாலு மார்க்

என் கணவரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். மறதி நோய்க்காரர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று திருவள்ளூரில் இருக்கிறது. அவளை அனுப்பியது அந்த இல்லம்தான். அங்கே ஒரே ஓர் இடம் காலி. யாருடைய மார்க் குறைவோ அவருக்குத்தான் அந்த இடம். இவருக்குக் கிடைத்தால் நான் காக்களூர் கம்பெனி கேன்டீன் வேலையில் நீடிக்கலாம். இல்லையென்றால் அதற்கு ஒரு முழுக்குப் போட வேண்டியதுதான்.

கேள்விகள் பன்னிரண்டு. உடம்பு எப்படி, மனசு எப்படி, ஞாபகம் எப்படி, குடும்பம் எப்படி? மோசம் என்றால் ஒரு மார்க், பிரமாதம் என்றால் நாலு. ஆகா, என்ன கண்டுபிடிப்பு! முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த எனக்கே பிடிபடாத மனுஷனை அரை மணி நேரத்தில் கூட்டிப் பார்த்துவிடுவார்களாம். எந்தப் புண்ணியவான் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினானோ, அவன் ஒரு நாளாவது இவருக்குக் கால் கழுவிவிட்டிருப்பானா?

ஃபைலைப் பார்த்ததும் என் கணவர் விறைப்பாக எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். கெட்டது காரியம். இருபத்தெட்டு வருஷம் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆடிட் நாளில் ஃபைலோடு யார் வந்து எதைக் கேட்டாலும் எழுந்து நின்று 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டும் என்பது சூப்பர்வைசர் கற்றுக்கொடுத்த பாடம். விரல் நசுங்கிய வாரத்தில்கூட, கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அப்படித்தான் சொன்னார். பெற்ற மகளின் பேர் போய்விட்டது, இந்தக் கருமாந்திரம் மட்டும் போகவில்லை.

"ஞாபக சக்தி எப்பிடி இருக்குது ஐயா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம்."

"உங்க சம்சாரம் நல்லா பாத்துக்கறாங்களா?"

"கம்ப்ளைண்டே இல்ல மேடம்." பிறகு என்னைக் காட்டி அவளிடம் கிசுகிசுத்தார்: "இந்தம்மா யாரு, புச்சா கீது?"

அதற்கும் நாலு மார்க் போட்டாள் மகராசி. எனக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? பாத்துக்கினுதான கீற?"

"நான் இன்னாக்கா பண்றது? அவரு வாயால சொல்றததான் எழுதணும்."

"அப்ப அந்த ஃபைல உள்ள வை. கழுத்துல கீறத கழட்டு. கீழ உக்காந்து கேளு."

பாவம், உட்கார்ந்தாள். வேர்க்கடலையை உரித்து மூன்று பேரும் தின்றோம். அவர் தோள் மெல்லத் தளர்ந்தது.

"எப்பிடி கீறீங்க நைனா?" என்றாள், சும்மா பேச்சுக்குக் கேட்பது மாதிரி.

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா கீதும்மா. யாருன்னே தெரியல. வெளிய தாப்பா போட்டுக்கினு போயிடறாங்க. கூப்ட்டா யாரும் வர்றதில்ல."

கேன்டீனுக்குப் போகும்போது தாழ்ப்பாள் போடுகிறவள் நான்தான். எவ்வளவு கேவலமான பிழைப்பு என்னுடையது!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலை எடுத்து, பழைய மார்க்குகளை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பேனாவை அவர் பார்த்துவிட்டார். தட்டுத்தடுமாறி எழுந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எழுதாதீங்க மேடம். தெரியாம சொல்லிட்டேன். வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க. ஊட்ல சம்சாரம் கீது, கொழந்த கீது."

பிடித்து உட்காரவைத்தாலும் அவர் உட்காரவில்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அடிச்சிடும்மா," என்றேன். "அவரு கண்ணு முன்னால அடி. எல்லாம் நல்லா கீதுன்னு எழுது."

எழுதினாள். படித்தும் காட்டினாள். கீழே அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் நான் கேன்டீனுக்குப் போகவில்லை.