ஆஸ்பத்திரிப் பாய்

இன்று காலை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் புதிய வார்டைத் திறந்தார்கள். நானும் போயிருந்தேன். முதல் நோயாளியாக மருமகளைக் கூட்டிவந்த ஒரு தோட்டத்து அம்மாவின் கக்கத்தில் சுருட்டிய பாய் இருந்தது. அதிலிருந்து பினாயில் மணம் வந்தது.

என் சின்ன வயதில், தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் அப்படி ஒரு பாய் கூரைக் கம்பில் தொங்கும். ஆஸ்பத்திரியில் அப்போது கட்டில்கள் போதாது. லயத்தில் யாருக்கு நோய் வந்தாலும் அந்தப் பாயைத்தான் கொண்டுபோவார்கள். திரும்பியதும் பினாயில் ஊற்றிக் கழுவி, காயவைத்து, மாட்டிவிடுவார்கள்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அம்மா காய்ச்சலோடு அதில் படுத்தாள். சாரலடிக்கும் வராந்தாவில்தான் இடம்.

"கட்டில் காலியானா கூப்பிடுறேன்னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க," என்றார் அப்பா.

"அவசரமில்லங்க. கீழ படுத்தா உருண்டு விழுற பயமில்ல," என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

கட்டில் கிடைத்தபோது அவளுக்கு நினைவில்லை. மெத்தையில் படுத்தது தெரியாமலே போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா பாயைக் கழுவினார். "அதை எரிச்சிடுங்க அண்ணே," என்றார்கள் லயத்து ஆட்கள்.

"பக்கத்துக் காம்பரா வீட்டுப் புள்ள நெறமாசமா இருக்கு. அதுக்கு வேணுமே," என்று பழைய இடத்திலேயே மாட்டினார்.

இன்று தாதி சிரித்தபடி, "பாய் வேணாம்மா, எல்லாருக்கும் கட்டில் இருக்கு," என்றாள். மருமகள் மெத்தையில் படுத்த பிறகும் அந்த அம்மா பாயைக் கீழே வைக்கவில்லை. நானும் வைக்கச் சொல்லவில்லை.