நெடி வராத மிளகாய்

கறிவேப்பிலைச் செடிக்கு எங்கள் வீட்டில் தனி அறை இருந்தது. எனக்குக் கிடையாது. எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில், ஐசலினுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு அபார்ட்மென்ட். படுக்கையறை இரண்டு. ஒன்றில் நானும் கணவரும் நாலு வயது மகனும். இன்னொன்றில் செடி.

இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அன்று ஓக் ட்ரீ ரோடில் நம் கடைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பச்சைக் கறிவேப்பிலை கிடைக்காது. பாக்கெட்டில் பொடிந்த சருகு வரும், அதைத் தாளித்தால் வைக்கோல் வாசனைதான் வீசும். ஊரில் இலையோரம் ஒதுக்கிப் போடுகிற சாமான் இங்கே ராஜா ஆகிவிட்டது. டெக்சஸுக்கு வேலை மாறிப் போன ஒரு குடும்பம், காரில் இடமில்லாமல், முழங்கால் உயரச் செடியை எங்களிடம் விட்டுப் போனது. அன்றிலிருந்து என் கணவருக்குத் தமிழர் வட்டாரத்தில் ஒரு அந்தஸ்து. விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் எங்களைக் கூப்பிட்டார்களா செடியைக் கூப்பிட்டார்களா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

முதல் குளிருக்கே செடி ஆடிப்போனது. ஹீட்டர் காற்றில் இலை காய்ந்து கொட்டியது. அடிப்பக்கம் திருப்பினால் பொடிப் பொடியாகச் சிவப்புப் பேன், அதைச் சுற்றி நூலாம்படை. அவர் இன்ஜினியர். சும்மா இருப்பாரா? சோப்புத் தண்ணீரில் பஞ்சைத் தோய்த்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். தன் பிள்ளைக்குக் காது துடைத்ததே இல்லை.

"ரூம் ட்ரையா இருந்தா இந்தப் பூச்சி திரும்ப வரும். ஹ்யூமிடிட்டி வேணும். தண்ணியும் விட்டு விட்டு ஊத்தக் கூடாது, கன்டின்யுவஸா போகணும்" என்றார்.

பழைய வேட்டியைக் கிழித்து, விளக்குத் திரிபோலத் தடிமனாக முறுக்கினார். ஒரு முனை தொட்டியின் அடி ஓட்டை வழியாக மண்ணுக்குள். மறுமுனை கீழே மூடி போட்ட பக்கெட்டுக்குள். பக்கெட் மூடியில் துளை போட்டு ஒரு பெரிய தண்ணீர்க் கேனைத் தலைகீழாகச் செருகினார். பக்கெட்டில் மட்டம் இறங்கினால் கேனிலிருந்து தானாக இறங்கும். நாங்கள் இல்லாவிட்டாலும் செடி குடித்துக்கொண்டே இருக்கும். ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஹேர் ட்ரையரால் சூடு காட்டி இழுத்து விட்டார். காற்றில் ஈரத்தை ஊதுகிற ஹ்யூமிடிஃபையர் ஒன்றை வாங்கி வைத்தார். ஈரம் வெளியே போய்விடுமாம், அதனால் அறைக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்ற வேண்டும் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஊரில் கொல்லையில் ஊற்றினால் வெயிலும் எறும்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இவர் பக்கெட்டில் ஊற்றினார்.

"மண்ணுல ஊத்தினா ஸ்மெல் வரும். இதுலன்னா திரி கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும்" என்றார். வாரா வாரம் ஃபிரிட்ஜில் மிஞ்சிய தயிர் அங்கே போனது. வீணாகாமல் இருக்கிறதே என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மகனுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், பிறகு நெஞ்சில் மெல்லிய சீழ்க்கை. குழந்தை டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, குளிர்காலக் காற்று வறண்டது, தூங்கும் அறையில் கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லது என்றார். வீட்டில் நாய் பூனை உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். செடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார் கணவர். அன்றே மகனின் கட்டில் செடியின் அறைக்குப் போனது. வெளிச்சுவரை ஒட்டிப் போட்டதால் குளிர் அடிக்கக் கூடாதென்று, ஊரிலிருந்து வந்த ஜமக்காளத்தைச் சுவரில் நீளவாக்கில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம்.

பனி நாட்களின் மதியங்களை என்னால் மறக்க முடியாது. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். அவர் ஆபீஸிலிருந்து வர நேரமாகும். மகன் செடிக்குப் பக்கத்தில் படுத்திருப்பான். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். இழுக்கும்போது ஒரு சீழ்க்கை. விடும்போது ஒரு சீழ்க்கை. நடுநடுவே பக்கெட்டில் மட்டம் இறங்கி, கேனுக்குள் காற்று ஏறும். களக். யாரோ ஒரு மிடறு விழுங்குவதுபோல இருக்கும். என்ன சத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் மகன் எழுந்து வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

"இட்ஸ் ப்ரீதிங், அம்மா."

"எதுடா கண்ணா?"

"த வால்."

சுவர் மூச்சு விடாதுடா என்று தமிழில் சொன்னேன். ஓகே என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். எனக்குத்தான் அதன்பிறகு அந்த அறைக்குள் தனியாகப் போகக் கால் வரவில்லை.

பிறகு கொசு வந்தது. வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி, உள்ளே கொசு. கடிக்காத, கறுப்பான, சின்னக் கொசுக்கள். தொட்டி மண்ணிலிருந்து கிளம்பி மகனின் பால் டம்ளர் விளிம்பில் வரிசையாக உட்காரும். அவர் மஞ்சள் அட்டைகளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டார். காலையில் பார்த்தால் அட்டையெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். மகன் அதற்கு நடுவே படுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான்.

சீழ்க்கை கூடியது. கூடக் கூட, காற்றில் இன்னும் ஈரம் போதவில்லை என்று ஹ்யூமிடிஃபையரைத் திருகினோம். செடியோ அந்த மாதிரி நான் ஊரில்கூடப் பார்த்ததில்லை. கணவரின் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. இலைகள் எண்ணெய் தேய்த்து விட்டதுபோல மின்னின. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்களுக்கு, உள்ளே யாரையும் விடாமல், அவரே போய் வெட்டிக் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து கொடுத்தார். என் தோளில் துவண்டு கிடந்த மகனை ஒரு அம்மாள் பார்த்தாள். "செடிதான் உங்க வீட்ல புள்ளையாட்டம் வளருது. புள்ள இப்படி ஒட்டிப் போயிட்டானே" என்றாள்.

செடி ஏறிக்கொண்டே இருந்தது, பிள்ளை இறங்கிக்கொண்டே இருந்தான். என் பிள்ளை எனக்கு இல்லாமல் போய்விடுவானோ என்று முதல்முறையாக முழுசாக நினைத்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எனக்கு அப்போது பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகனைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தேன். காய்ந்த மிளகாய், கல் உப்பு, கடுகு எல்லாம் இருந்தது. தெருமண் வேண்டும். தெருவே பனிக்கடியில் கிடந்தது. வேறு வழியில்லாமல் செடித் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். விரல் பட்டதும் மண்ணிலிருந்து கொசுக்கள் புகைபோல எழும்பின. சுற்றிப் போட்டு முடித்து, மூன்று முறை துப்பச் சொன்னேன். துப்புவதற்குக்கூட மூச்சு பத்தவில்லை அவனுக்கு. நெடி ஆகாதென்று கணவரோடு கடைக்கு அனுப்பிவிட்டு, இரும்புச் சட்டியைக் காயவைத்து அத்தனையையும் கொட்டினேன்.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கறுத்து, புகை எழும்பியது. நெடி வரவில்லை.

கண் எரிந்து நீர் வடிந்தது, புகையால்தான் என்று நினைத்தேன். மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. சட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய் இழுத்தேன். வெறும் சூடு. மிளகாய் கருகி நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தம், இது எல்லோருக்கும் தெரியும். இத்தனை மிளகாய்க்கு ஒரு தும்மல்கூட வராத கண்ணேறு எப்படிப்பட்டதாக இருக்கும்? அடுப்பை அணைக்கவும் தோன்றாமல் நின்றேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், களக்.

வாசல் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். மேல்தளத்து ஆன்ட்டி. நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருமி இருமிக் கண்கள் சிவந்து நின்றார்.

"என்னம்மா செய்த? மேல வரைக்கும் நெடி ஏறுது! நிக்க முடியல!"

"நெடி வருதா ஆன்ட்டி?"

"வருதாவா? செத்துருவேன் போல இருக்கு, அடுப்ப அணை!"

"எனக்கு வரலியே."

அவர் இருமலை நிறுத்தி என்னைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். மேடையிலிருந்த காபிப்பொடி டப்பாவைத் திறந்து என் மூக்கடியில் வைத்தார். இழுத்தேன். ஒன்றுமில்லை.

"எப்ப இருந்து?" என்றார்.

எனக்கும் கணவருக்கும் மார்கழியிலிருந்தே மூக்கு அடைத்திருந்தது. பனிக்காலம், ஜலதோஷம் என்று விட்டுவிட்டோம். மிளகாய் நெடியே தெரியாத மூக்குக்கு இந்த வீட்டில் வேறு என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறது? அப்படி நினைத்ததும் கண்ணேறு பயம் போய் வேறொரு பயம் வந்தது.

"ஆன்ட்டி, அந்த ரூமுக்கு வந்து மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

கதவைத் திறந்து ஒரு அடி வைத்தவர், அப்படியே பின்னால் வந்தார். "மாதாவே. பிள்ள இதுக்குள்ளயா படுக்கான்?"

"என்ன ஆன்ட்டி வாடை?"

"கெட்டுப்போன மோரு. ஊறின துணி. வருசக்கணக்கா மூடிக் கெடந்த கெணத்தத் தெறந்த மாதிரி." மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பக்கெட் மூடியைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் தெரியவில்லை. பச்சையும் வெள்ளையுமாகத் தடித்த ஆடை, அதன் நடுவே இறங்கும் வேட்டித் திரி முழுக்க ரோமம் முளைத்திருந்தது. ஆன்ட்டி சட்டென்று மூடினார். பிறகு ஆஸ்பத்திரிப் பழக்கம்போல மகனின் கட்டிலை இழுத்துவிட்டு, ஜமக்காளத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"சொதசொதன்னு இருக்கு" என்றார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். ஆணிகள் சுவரோடு நிற்கவில்லை, கூடவே வந்தன.

சுவர் தரையிலிருந்து என் இடுப்புவரை கறுப்பு. கரி பூசிய கறுப்பு அல்ல, மெத்தென்று, தொட்டால் கையோடு வரும் கறுப்பு. அதன் நடுவில், கட்டில் உயரத்தில், ஓரிடம் மட்டும் சுத்தமான வெள்ளை. தலை தெரிந்தது. வளைந்த முதுகு தெரிந்தது. மடக்கிய கால்கள் தெரிந்தன. தினமும் சுவரை ஒட்டிச் சுருண்டு படுத்த இடத்தில், அவன் உடம்புச் சூட்டில் ஈரம் தங்காமல், பூஞ்சை வராமல் நின்றிருக்கிறது. அந்தக் காரணத்தைக் கணவர் பிற்பாடு சொன்னார். அப்போது எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. என் பிள்ளையை நாலாபக்கமும் சூழ்ந்துவிட்டு, அவன் அளவுக்கு மட்டும் இடம் விட்டு அது காத்திருந்ததைப் பார்த்தேன்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மகன் தொப்பியோடு உள்ளே ஓடிவந்து, நாங்கள் தடுப்பதற்குள் சுவரைப் பார்த்துவிட்டான். இளைப்புக்கு நடுவே அவன் முகம் மலர்ந்தது.

"தட்ஸ் மீ!"

நான் அவனை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கணவர் கடைப் பையோடு அறை வாசலிலேயே நின்றார். வாயில் வந்ததையெல்லாம் அவரைத் திட்ட நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பையைக் கீழே வைத்தார். உள்ளே போய் திரியை உருவினார். தொட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல், வாசல் தாண்டிப் பனியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

அன்று எங்கள் மூவருக்கும் ஆன்ட்டி வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. வறண்ட வீடு. மூலையில் மாதா படம், ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

காலையில் கண் விழித்தபோது நல்ல வெளிச்சம். ஜன்னலுக்குக் கீழே, பனியில், செடி கறுத்துத் துவண்டு நின்றது. யாரோ காபி கலக்கும் சத்தம். வேறு சத்தம் இல்லை. சீழ்க்கை இல்லை. இழுப்பு இல்லை. எத்தனையோ வாரமாக அந்தச் சத்தம் கேட்கிறவரை பிள்ளை இருக்கிறான் என்று நம்பிப் பழகியிருந்தேன். அது இப்போது இல்லை. பக்கத்தில் போர்வைக்கடியில் அவன் அசையாமல் கிடந்தான்.

சுவரில் பார்த்த அதே சுருளல்.

கையை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அவன் நெஞ்சில் வைத்தேன். ஏறியது. நான் காத்திருந்தேன். இறங்கியது.