கேட்காமல் சுத்தமான வரப்பு

இன்று கீழப்பழுவூர் பஸ்ஸில் பக்கத்து வயல்காரன் மருந்து டப்பாவோடு வந்து என்னருகே உட்கார்ந்தான்.

"நெல்லுல புகையான் பூச்சி விழுந்துருச்சு மாமா. கதிர் வர்ற நேரம், விட்டா கருகிடும்."

என் வயலிலும் அதே கதைதான். எங்கள் இருவருக்கும் பொதுவான வரப்பில் புல் இருந்தது. அதில் குடியிருந்த சிலந்திகள் பயிருக்குள் இறங்கி அந்தப் பூச்சியைத் தின்றன. போன மாதம் இவன் களைக்கொல்லி அடித்தான். புல்லோடு சிலந்தியும் போயிற்று.

"என் பக்கமும் ஏண்டா அடிச்ச?"

"புல்லு மண்டிக் கெடந்தா சோம்பேறி வயலுன்னு சிரிப்பாங்க மாமா. உங்க மானத்தையும் சேர்த்துத்தான் காப்பாத்துனேன்."

இறங்கும்போது, "மருந்து மிஞ்சுனா உங்களுக்கும் அடிச்சுட்டுப் போறேன்" என்றான்.

இப்படி உதவுகிறவனை எப்படி நிறுத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.